ஐஸ் இல்லாத ஆட்டமும் எட்டு ஜோடிக் கால்களும்

நான் பி.டி. மாஸ்டர். இருபது வருடமாக மாதா கோயில் பங்குப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளை வெயிலில் நிற்கவைத்து, கையைத் தூக்கவும் இறக்கவும் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். ஊரில் எனக்குக் கோபக்காரன் என்று பெயர். கழுத்தில் விசில் தொங்காத நாளில் உங்களுக்குக் கழுத்தே இல்லாத மாதிரி இருக்கிறது என்று என் மனைவி கிண்டல் செய்வாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஊரையே அதட்டிப் பிழைத்த ஒருவன், வாயைத் திறக்க வேண்டிய ஒரே ஒரு காலையில் உண்மையை விழுங்கிக்கொண்டு நின்றான். என் அக்காவின் பெயர் அன்றைக்குத்தான் போனது. நான் எழுத உட்கார்ந்தது அதைப் பற்றித்தான்.

மரக்காணத்துக்கு ஐஸ் ஹாக்கி வரப்போகிறது என்று டீக்கடையில் பேச்சு வந்தபோது எல்லோரும் சிரித்தோம். எங்களுக்கு ஐஸ் என்றால் மீன் பெட்டியில் உடைத்துப் போடுகிற ஐஸ்தான். அதன்மேல் நின்று பந்தடிக்கப் போகிறார்கள் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? கொண்டுவந்தவர் கீழ்புத்துப்பட்டுப் பக்கத்துக்காரர். கனடாவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஊர் அவருக்குக் கனடாக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டது. அங்கே பனிக்காலம் முழுக்க அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பைத்தியமாகி வந்திருந்தார். இங்கே ஐஸ் தளம் போட முடியாது என்று தெரிந்ததும், சக்கர ஸ்கேட் கட்டிக்கொண்டு சிமெண்ட் தரையில் ஆடுகிற ஹாக்கிக்கு இறங்கிவந்தார். அதே மட்டை, அதே தட்டையான வட்டு, அதே முட்டல் மோதல். ஐஸ் மட்டும் கிடையாது. ஆனால் எங்கள் ஊரில் ஒரு பேச்சு ஏறிவிட்டால் இறங்காது. லீக் முடியும் வரைக்கும் டீக்கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மாஸ்டர், ஐஸ் எப்போ வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான்கு அணிகள். மரக்காணம், புதுச்சேரி, கடலூர், சென்னை. ஆடுகிறவர்களுக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று சம்பளம். இதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழா வாலிபாலுக்குப் பிரியாணியும் பனியனும் கொடுத்தார்கள், அவ்வளவுதான். விளையாடிச் சம்பளம் வாங்கலாம் என்பதே புதுச் செய்தி. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மூடிக்கிடந்த ஒரு இறால் கம்பெனி ஷெட்டை வாடகைக்கு எடுத்து, உள்ளே கண்ணாடி மாதிரி வழவழவென்று தரை போட்டார்கள். கோடை விடுமுறை இரண்டு மாதமும் அந்த இடத்துக்குப் பொறுப்பாள் நான். சட்டையில் 'வென்யூ மேனேஜர்' என்று அட்டை குத்திக்கொண்டு திரிந்தேன். அந்த அட்டையைக் கழற்றாமல் பூசைக்கே ஒருநாள் போய்விட்டேன், அவ்வளவு பெருமை.

முதல் ஆட்டமே கூத்து. எங்கள் ஊரில் புதுச் சக்கரம் எதுவாக இருந்தாலும் எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் உருளாது. லாரியோ சைக்கிளோ குழந்தை ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியோ, விதிவிலக்கு கிடையாது. ஸ்கேட்டுக்கு மட்டும் உண்டா? எங்கள் அணிக்காரர்களின் வீட்டார் பை பையாகப் பழத்தோடு வந்துவிட்டார்கள். ஒரு காலுக்கு நான்கு சக்கரம், ஆளுக்கு எட்டுப் பழம். நான் மட்டும் சும்மா இருந்தேனா? பங்குச் சாமியாரைக் கூட்டிவந்து இரண்டு கோல் வலைக்கும் தீர்த்தம் தெளிக்கச் சொன்னேன். விசில் அடித்தவுடன் எங்கள் ஆட்கள் எல்லோரும் பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினார்கள். சாறு ஓடிய தரையில் சென்னை கோல்கீப்பர் வழுக்கிக்கொண்டே போய்த் தன் வலைக்குள்ளேயே உட்கார்ந்தார். அதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்து ஜனம் கைதட்டியது. மறுநாள் பார்த்தால் வாசல் பக்கத் தரையில் பளபளப்பு போய்த் திட்டுத் திட்டாக அரித்திருந்தது.

கனடாக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "மாஸ்டர், இந்த கேம்ல பாதி ஃப்ளோர்தான். ஃப்ளோர் போச்சுன்னா கால் போச்சு. டெய்லி பார்த்துக்க ஒரு நல்ல டீம் வேணும்."

நான் யோசிக்கவே இல்லை. என் அக்காவைக் கூட்டிவந்தேன்.

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். அவள் உப்பளத்துக்குப் போன சம்பளத்தில்தான் நான் விளையாட்டு ஆசிரியர் படிப்பு படித்தேன். அதைச் சொன்னால், "அதுக்கு இப்ப இன்னா, செலை வெக்கப் போறியா?" என்று எரிந்து விழுவாள். கோபம் எங்கள் வீட்டுச் சொத்து. எட்டுப் பெண்கள் கொண்ட ஒரு கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. இருட்டு விலகுவதற்குள் அளத்தில் இறங்கினால் பத்து மணிக்குள் கரையேறிவிடுவார்கள். மற்றவர்களுக்கு ஆள் சொல்லி அனுப்பும் முதலாளிகள், அக்காவை மட்டும் வீடு தேடி வந்து கூப்பிடுவார்கள். காரணம் வேறொன்றுமில்லை. அவள் கூட்டம் வாரின உப்பில் சேறு இருக்காது.

உப்பு பூத்த பாத்திக்குள் சேற்றுக் காலோடு இறங்கினால் வெள்ளைக்குள் கறுப்புக் கோடு விழுந்துவிடும். அதனால் வாய்க்காலில் கால் கழுவாமல் யாரும் பாத்தியில் கால் வைக்கக் கூடாது. எல்லா அளத்திலும் உள்ள வழக்கம்தான். ஆனால் அக்காவிடம் அது சட்டம். அந்தச் சட்டத்தை அப்படியே ஷெட்டுக்குக் கொண்டுவந்தாள். மத்தியானம் இரண்டு மணிக்கு எட்டுப் பேரும் வருவார்கள். வீட்டில் குளித்துவிட்டு வந்தாலும் வாசலில் டேங்கர் தண்ணீரை வாளியில் பிடித்துக் கால் கழுவ வேண்டும், சாக்கில் துடைக்க வேண்டும். ஒவ்வொருத்தியையும் சுவரைப் பிடித்துக்கொண்டு பாதத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லி அக்கா பார்ப்பாள். அதற்கப்புறம்தான் உள்ளே. கனடாக்காரர் இதை முதல் நாள் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரியிலகூட இவ்ளோ சுத்தம் கெடையாது மாஸ்டர்" என்றார். இதை அவர் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. அவருக்குத்தான் மறந்துவிட்டது.

வேலை முடிந்ததும் எட்டுப் பேரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் கடைசி வரிசையைப் பிடித்து உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார்கள். தப்பாட்டம் ஆடியவனை இரண்டு நிமிடம் ஓரத்துப் பெட்டியில் உட்காரவைப்பார்கள் இல்லையா, அது அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. யாராவது முழங்கையால் இடித்தால் போதும், "போடு பொட்டில! போடு பொட்டில!" என்று கத்துவார்கள். அக்கா மட்டும் ஒருநாள் என்னிடம், "ரெண்டு நிமிஷம் உக்காந்து எழுந்தா தப்பு போயிடுமா? நல்லா இருக்குதுடா உங்க சட்டம்" என்றாள். நான் சிரித்தேன்.

எங்கள் அணி இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது. வந்ததற்குக் காரணம் பக்கத்து ஊர் அனுமந்தைக்காரர் ஒருவர். மீனவக் குடும்பம். அவர் எலக்ட்ரீஷியன், இருபத்துமூன்று வயது இருக்கும். புதுச்சேரிப் பக்கம் வேலைக்குப் போன இடத்தில் ஸ்கேட்டிங் பழகியவர். வட்டு அவர் மட்டையில் ஒட்டிக்கொண்டே வரும். அவர் தரையில் இறங்கினால் ஷெட்டில் பேச்சு நின்றுவிடும்.

இறுதியாட்டம் கடலூரோடு. முக்கிய விருந்தாளி வருகிறார், செல்போனில் நேரலை போடுவதற்கு மூன்று கேமராக்காரர்கள் வருகிறார்கள். முந்தின நாள் ஆட்டத்தில் சக்கரம் தேய்ந்து தேய்ந்து தரை முழுக்கக் கறுப்புக் கோடுகள். காலையில் டேங்கரை வரச் சொல்லியிருந்தேன். டிரைவர் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டார், போனை எடுக்கவில்லை. எட்டு மணி ஆகிவிட்டது. அக்கா கூட்டம் அளத்தில் இருக்கிறது. ஷெட்டில் நான் மட்டும்தான்.

ஷெட்டுக்குப் பின்னால் இறால் கம்பெனி காலத்துப் பழைய போர்வெல் ஒன்று இருந்தது. கடல் தண்ணீரே தேவலை என்கிற உப்பு. சுவிட்சுக்கு மேல் கனடாக்காரர் சிவப்புப் பெயிண்டில் 'போடக் கூடாது' என்று எழுதிவைத்திருந்தார். நான் போட்டேன்.

போட்டதோடு விட்டேனா? அங்கேதான் என் பிறவிக் குணம் வேலை செய்தது. வேறு ஊர்க்காரனாக இருந்தால் வாளியில் பிடித்து, துணியை முக்கிப் பிழிந்து துடைத்திருப்பான். நான் பாத்தியில் தண்ணீர் கட்டுகிற மாதிரி செய்தேன். ஒரு பக்கத்திலிருந்து ஹோஸ் வைத்துத் தண்ணீரை விரல் கனத்துக்கும் குறைவாகப் படரவிட்டேன். நீளப் பலகை ஒன்றால் தள்ளித் தள்ளித் தரை முழுக்க ஒரே சீராக நிரவினேன். இரண்டு பக்க ஷட்டரையும் தூக்கிவிட்டேன். தென்காற்று உள்ளே வந்து தண்ணீரை எடுத்துக்கொண்டு போனது. இரண்டு மணி நேரத்தில் தரை காய்ந்தது. கறுப்புக் கோடெல்லாம் மங்கிப்போய், ஒரு மினுமினுப்பு. சின்ன வயதில் அப்பாவோடு பாத்தி நிரவிய கை மறக்கவில்லை பார் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். பாத்தியில் தண்ணீர் கட்டிக் காயவிட்டால் என்ன வரும் என்று எங்கள் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு அந்த நேரத்தில் அது தோன்றவே இல்லை. இன்றைக்கும் நம்ப முடியவில்லை, ஆனால் உண்மை.

இரண்டு மணிக்கு எட்டுப் பேரும் வந்தார்கள். வாளியில் முந்தின நாள் மிச்சமிருந்த தண்ணீரில் கால் கழுவி, பாதம் காட்டி உள்ளே போனார்கள். ஐந்து நிமிடத்தில் அக்கா வெளியே வந்தாள்.

"தம்பி, தரைல யாரானா தண்ணி விட்டாங்களா?"

நான் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். "ஆமா. காலைல டேங்கர் தண்ணி விட்டுத் தொடைச்சேன். ஏன்?"

"டேங்கர் தண்ணியா?"

"ஆமாங்கறேன் இல்ல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பொய் எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. கனடாக்காரர் பத்தடி தூரத்தில் போன் பேசிக்கொண்டு நின்றார். சிவப்புப் பெயிண்ட் ஞாபகம் வந்தது. அவ்வளவுதான் காரணம்.

"இன்னொரு தபா நல்ல தண்ணி விட்டுக் கழுவிட்டா நல்லதுடா."

"தண்ணி எங்க இருக்குது? நேரம் இல்லக்கா. பெருக்கிட்டுக் கெளம்புங்க."

அவள் கிளம்பவில்லை. குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீர் இரண்டை எடுத்துப்போய், சாக்கை நனைத்து, மேற்குப் பக்கத்துக் கோலிலிருந்து தேய்க்க ஆரம்பித்துவிட்டார்கள். எட்டுப் பேரும் முட்டி போட்டு வரிசையாக. நடுக்கோடு வரைக்கும் வந்தார்கள். அப்போது அணிகள் பயிற்சிக்கு வந்துவிட்டன. நான் விசில் ஊதி, "போதும், எழுந்திருங்க! வெளிய வாங்க!" என்று கத்தினேன். அக்கா சாக்கைப் பிழிந்துகொண்டே, "இந்தாண்ட பாதி கெடக்குதுடா" என்றாள். "கெடக்கட்டும்" என்றேன்.

சாயந்திரமானால் உப்பு வேர்க்கும். கடல் காற்று ஏற ஏற அது ஈரத்தை இழுக்கும். அளத்தில் குவித்த உப்பு மத்தியானம் பொரபொரவென்று இருந்து, பொழுது சாயும்போது கையில் ஒட்டும். ஐந்தரை மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தபோது கடல் காற்று கிழக்கிலிருந்து ஏறியிருந்தது. முதல் பாதியில் எங்கள் ஆட்கள் மேற்குக் கோலைப் பார்த்து ஆடினார்கள், ஒரு குறையும் இல்லை. கிழக்குப் பக்கம் ஏறி வந்த கடலூர்க்காரர்கள் இரண்டு பேர் வழுக்கி விழுந்தார்கள். ஷெட்டே அதிரக் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். கடைசி வரிசையில் அக்கா எழுந்து நின்றுவிட்டதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டாம் பாதியில் பக்கம் மாற்றினார்கள். அனுமந்தைக்காரர் வட்டோடு கிழக்குக் கோலை நோக்கி வந்த வேகத்தில் திரும்ப முயன்றார். சக்கரம் தரையைப் பிடிக்கவில்லை. உடம்பு ஒரு பக்கம் போனது, ஒரு கால் அடியில் மடங்கிக்கொண்டது. கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது என்று பிறகு சொன்னார்கள். முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது வலியில் அவர் கத்தினார்: "எவடீ தரையத் தொடைச்சது? எவடீ அவ?" இன்னும் எழுத முடியாத வார்த்தைகளும் சொன்னார். எட்டுப் பேரும் கடைசி வரிசையில் நின்று அதைக் கேட்டார்கள்.

மறுநாள் காலை எல்லோரையும் ஷெட்டுக்கு வரச் சொன்னார் கனடாக்காரர். அளத்து வேலை முடித்து, அக்கா கூட்டம் நேராக வந்து வாசலில் நின்றது. அன்றைக்கு உள்ளே வேலை இல்லை என்பதால் கால் கழுவவில்லை. கனடாக்காரர் தரையில் குந்தி, விரலால் தேய்த்து, நாக்கில் வைத்துப் பார்த்தார். எழுந்து திரும்பினார். வாசலில் எட்டு ஜோடிக் கால்கள், முழங்கால் வரைக்கும் வெள்ளை பூத்து. அவருக்கு அதற்குமேல் விசாரிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"உப்பு," என்றார். "அப்படியே உப்பளத்துல இருந்து வந்து ஏறிக்கினு இருந்திருக்கீங்க. ஒருத்தன் கால் போச்சும்மா."

அவர் என்னிடம் திரும்பினார். "மாஸ்டர், நீங்கதானே கொண்டாந்தீங்க? இன்னா சொல்றீங்க?"

அந்த நேரத்தில் நான்கே வார்த்தை போதும். போர் போட்டது நான்தான் சார். அவ்வளவுதான். அதற்குப் பதிலாக என் வாயிலிருந்து வந்தது இது:

"நான் கால் கழுவச் சொல்லித்தான் இருந்தேன் சார்."

சும்மா இருந்திருந்தால்கூட ஒரு தப்போடு போயிருக்கும். நான் வாயைத் திறந்து பழியை எடுத்து அவர்கள் காலில் வைத்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "வாங்கடி போவலாம்" என்றாள். எட்டுப் பேரும் சாலையில் இறங்கிப் போனார்கள்.

ஊர் சின்னது. அந்த வாரமே அளத்துக்குப் பேச்சு போய்விட்டது. எந்த அக்காவை வீடு தேடி வந்து கூப்பிட்டார்களோ, அவளிடமே ஒரு முதலாளி, "கால் கழுவினீங்களா? பார்த்து, எங்க உப்புல உப்பு பட்டுடப் போவுது" என்று சிரித்தாராம். நகைச்சுவைதான். ஆனால் அடுத்த பருவத்துக்கு அவர் வேறு கூட்டத்தைக் கூப்பிட்டார். அக்கா கூட்டத்தில் ஒருத்தி வேலையை விட்டு மகளோடு சென்னைக்குப் போய்விட்டாள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டோ இல்லையோ, எனக்குக் கேட்கத் தைரியம் இல்லை.

அக்கா என்னோடு பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எப்போதும் போல எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒன்று மட்டும் மாறிவிட்டது. முன்பெல்லாம் செருப்பை உதறிவிட்டு நேரே அடுப்படிக்குப் போகிறவள், வாசல் குழாயடியில் நின்று, காலோடு காலைத் தேய்த்துக் கழுவி, முந்தானையால் துடைத்துவிட்டு உள்ளே வந்தாள். வாராவாரம். என் மனைவி, "அண்ணி எவ்ளோ சுத்தம் பாருங்க" என்றாள்.

பத்து மாதம் அப்படியே போனது. ஆட்டத்தில் அந்தப் பெட்டியில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் போதும். நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் காரணமில்லாமல் அடித்தேன், வீட்டில் தட்டைத் தள்ளினேன். அனுமந்தைக்காரரைப் பார்க்க ஒருமுறை ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். காலில் தகடு வைத்திருந்தார்கள். நடக்கலாம், ஸ்கேட் இனிமேல் முடியாது என்றார்கள். ஆப்பிளைக் கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பினேன்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முடிகிற வாரம் கனடாக்காரரிடமிருந்து இரண்டாவது லீக்குக்கான விதிமுறைத் தாள் வந்தது. பொறுப்பாளர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒரு வரி: 'உப்பளத் தொழிலாளர்களை ஆடுதளத்தில் அனுமதிக்கக் கூடாது.' பாதி மரக்காணம் அந்த ஒரு வரிக்குள் வந்துவிடும். என் அம்மா இருந்திருந்தால் அவளும்தான். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் காலைக் கழுவியதன் நினைவாக, எங்கள் கோயிலில் பன்னிரண்டு பேரை முன்னால் உட்காரவைத்துச் சாமியார் கால் கழுவுவார். அந்த வருடம் பன்னிரண்டில் ஒருவன் நான். பங்குப் பேரவையில் யாரோ என் பெயரைக் கொடுத்திருந்தார்கள். வேட்டி கட்டி, கால் நகமெல்லாம் வெட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். சாமியார் என் முன்னால் முட்டி போட்டு, சொம்பில் தண்ணீர் ஊற்றி, துண்டால் ஒற்றினார். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் அக்கா. அவளுக்குப் பக்கத்தில் அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர். அக்கா சாமியாரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வேர்த்துவிட்டது. கழுவி முடித்த காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கியே வைத்திருந்தேன் என்று என் மனைவி பிறகு சொன்னாள்.

பூசை முடிந்து ஜனம் வெளியே வரும்போது, வேப்பமரத்தடியில் அக்காவை நிறுத்தினேன்.

"அக்கா, அன்னிக்குப் போர் தண்ணிய விட்டது நான்தான்."

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"மத்தியானம் உள்ள கால் வெச்சப்பவே. கால்ல ஒட்டிக்கினு வந்த உப்பா இருந்தா அங்கொண்ணு இங்கொண்ணு இருக்கும். அது ஒரே மாதிரி தோல் கட்டி இருந்துது. நம்ம ஊட்டு ஆளு நெரவுன மாதிரி இருந்துது." செருப்பைக் காலில் நுழைத்துக்கொண்டே, "பாத்தி நல்லாத்தான் கட்டி இருந்த" என்றாள்.

"பின்ன ஏங்க்கா அன்னிக்கு அவருகிட்ட சொல்லல?"

அவளுக்குக் கோபம் வந்தது. பத்து மாதத்தில் முதல் முறையாக வந்தது. "நான் ஏன்டா சொல்லணும்? நீ சொல்லுவன்னு நின்னுக்கினு இருந்தேன். ஏழு பேரையும் வாசல்ல நிக்க வெச்சிக்கினு, என் தம்பி இப்போ சொல்லுவான், இப்போ சொல்லுவான்னு நின்னேன். நீ இன்னா சொன்ன?"

நான் என்ன சொன்னேன் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் அழுதேன். கோயில் வாசலில், ஊர் பார்க்க, நாற்பத்தாறு வயதில்.

"என்கிட்ட அழுது இன்னா ஆவப்போவுது," என்றாள். "அவுங்ககிட்ட போயி சொல்லு."

சனிக்கிழமை விடியும்போது அளத்துக்குப் போனேன். வரப்பில் நின்று சொன்னேன். பள்ளிக்கூட மைதானத்தில் நூறு பேருக்குக் கேட்கிற என் குரல் ஆறு பேருக்குக் கேட்கவில்லை. "சத்தமா சொல்லு மாஸ்டரே" என்றாள் ஒருத்தி. மறுபடி சொன்னேன். ஒருத்தி காறித் துப்பினாள், தண்ணீரில் அல்ல, வரப்பில்தான். ஒருத்தி சிரித்தாள். மூத்தவள் உப்பு வாரும் வாரியை நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே, "எம் மருமவ நான் தொட்ட சட்டியக் கழுவி வெக்கறாப்பா, உப்புக் கையின்னு. அவகிட்ட யாரு போயி சொல்றது?" என்றாள். நான் வருகிறேன் என்றேன். "வேணாம்" என்றாள். சென்னைக்குப் போனவளுக்கு போன் செய்தேன். கேட்டுக்கொண்டாள், போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்கே அனுமந்தைக்கும் போனேன். அவர் ஒரு வீட்டில் ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தார், ஏணியின் மூன்றாவது படியில். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். இறங்கிவந்து படியில் உட்கார்ந்துகொண்டார். "கால் போனது போவட்டும் சார். ஆனா அந்த அம்மாங்கள நான் எப்படித் திட்டினேன்... அதை இப்ப எப்படித் திரும்ப வாயில எடுத்துப் போட்டுக்கறது?" என்றார். பிறகு, "நீங்க போங்க சார்" என்றார். அவர் குரலில் மரியாதை அப்படியே இருந்தது. அது அடியைவிட வலித்தது.

அன்று சாயந்திரம் கனடாக்காரர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். தாளை வாங்கி, அந்த ஒரு வரியைப் பேனாவால் அடித்தார். கீழே என் பெயரையும் அடித்தார். நியாயம்தான். அக்கா வீட்டுக்கு அவரே போய் மன்னிப்புக் கேட்டு, மறுபடி வேலைக்கு வரச் சொன்னார். அக்கா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாளாம். வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். இரண்டாவது லீக்குக்குத் தரையைப் பார்த்துக்கொள்ள சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. ஷூவுக்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு துடைத்தார்கள். நான் ஒரு ஆட்டத்துக்கும் போகவில்லை. "இந்த வருஷமாவது ஐஸ் வருமா மாஸ்டர்?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், நான் சொல்லி முடித்த மறுநாள், உயிர்ப்பு ஞாயிறன்று மத்தியானம் அக்கா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். எல்லாம் சொல்லி முடித்தாயிற்று என்ற எண்ணத்தில் நான் வாசலிலேயே நின்றிருந்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழாயடிக்குத் திரும்பினாள்.

"வேணாம்க்கா. அப்படியே உள்ள வா," என்றேன்.

"பழக்கமாயிடுச்சுடா," என்றாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள். குழாயைத் திறந்து, காலோடு காலைத் தேய்த்துக் கழுவினாள். முந்தானையால் துடைத்தாள். உள்ளே போய் என் மனைவியிடம் கறி வெந்துவிட்டதா என்று கேட்டாள்.

அவள் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு, அவள் நடந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து தரையை விரலால் தேய்த்தேன். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு இல்லை.